கட்டம் போட்ட துணியில் ஓர் ஏழாம் வகுப்புக் கணக்கு

சங்கரன்கோவிலில் தைக்கத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. வெட்டத் தெரிந்தவர்கள்தான் குறைவு. நைட்டிக்கு ஓரம் அடிக்க, பாவாடைக்கு நாடாப் பட்டி வைக்க, பீஸ் ரேட்டுக்கு மெஷினில் உட்கார என்று தேடினால் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். துணியை விரித்து, சாக்கால் கோடு போட்டு, கத்தரியை வைக்கிற ஆள் கடைக்கு ஒருவர்தான் இருப்பார். அவரை மாஸ்டர் என்பார்கள். தையலில் கோணல் விழுந்தால் பிரித்துத் தைக்கலாம். கத்தரி போன இடம் போனதுதான். அதனால் வெட்டுகிற கைக்குக் கூலியும் கூட, மரியாதையும் கூட. நானும் பல வருடம் மெஷினில் காலை ஓட்டிய பிறகுதான் கட்டிங் டேபிள் பக்கம் நகர்ந்தேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவரை எல்லாரும் கூப்பிடுவதுபோல அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். நாற்பது வருடக் கை. துணியை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டு, எத்தனை மீட்டர் என்று டேப் வைக்காமல் சொல்லிவிடுவார். ஆனால் எனக்கு முதலில் துணியைத் தொட விடவில்லை, ஸ்கேலைக்கூடத் தரவில்லை. பழைய பேப்பரை நீட்டி, “இதுல மூலைமட்டம் ஒண்ணு எடு பாப்போம்” என்றார். ஓரம் கிழிந்த பேப்பர். அதில் நேர்கோடே கிடையாது. மடித்து நகத்தால் நீவினால் ஒரு நேர்கோடு வருகிறது. அந்தக் கோடு தன்மேலேயே படியும்படி இன்னொரு மடிப்புப் போட்டால் மூலைமட்டம். அந்த மூலையை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தால் கிராஸ். அதாவது 45 டிகிரி. கழுத்துக்கு வைத்து அடிக்கிற கிராஸ் பீஸை இந்த மடிப்பில்தான் எடுக்கிறோம். நேராக வெட்டிய துண்டு வளைவில் சுருங்கி நிற்கும். கிராஸாக வெட்டினால் இழுத்த இழுப்புக்கு வரும், கழுத்து வளைவில் படுத்துக்கொள்ளும்.

இந்தப் பேப்பர் மடிப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே இருக்கிறது, அதுவும் நம் ஆள் எழுதியது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. மதராஸ் மாகாணத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த டி. சுந்தர ராவ் 1893-ல் சென்னையில் அச்சிட்ட ஆங்கில நூல் அது. காம்பஸ், ஸ்கேல் எதுவும் வேண்டாம், ஒழுங்கில்லாத ஒரு தாளை எடுத்து மடிக்கத் தொடங்கி, சதுரம், முக்கோணம், ஐங்கோணம் என்று போய்க்கொண்டே இருப்பார். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காகித மடிப்பிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனை பிடிபட்டிருக்கிறது. ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் அதைப் பாராட்டப்போய், 1901-ல் அமெரிக்காவிலும் அச்சானது. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளுகிற விஷயத்தில் பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்குவது புதிதில்லை என்று சொல்லத்தான் இதை இங்கே இழுத்தேன். எங்கள் கடையிலும் அதுதான் நடந்தது. அதற்கு முன்னால் கட்டிங் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சேலையோடு வருகிற ஜாக்கெட் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். 80 சென்டிமீட்டர். இஞ்ச்சில் சொன்னால் 31½. சேலையின் பன்னாவே, அதாவது அகலமே, அதற்கும் பன்னா. கரை இரண்டு பக்கமும் ஓடும். கட்டுகிறவர் கேட்பது என்ன? “பார்டர் கையில வரணும்.” சரி, கையின் அடிப்பாகத்தைக் கரையில் ஒட்டி வைக்க வேண்டும். கை ஒன்றை விரித்தால், தையலுக்கு விட்டதையும் சேர்த்து 14 இஞ்ச் என்று வைப்போம். இரண்டு கைக்கு 28. 31½ இஞ்ச் நீளக் கரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துவிடும், மூன்றரை மிச்சம். அதே கை 16 இஞ்ச் வேண்டுகிற உடம்பு என்றால் 32. அரை இஞ்ச் பத்தாது. அப்போது ஒரு கையை இந்தக் கரையிலும் இன்னொன்றை எதிர்க் கரையிலும் போட வேண்டும். போட்ட மாத்திரத்தில் நடுவில் இருக்கிற இடம் கோணிக்கொள்ளும். பின்பாகத்தை மடிப்பில் எங்கே வைப்பது, முன்பாகம் இரண்டையும் எங்கே சொருகுவது, பட்டிக்கும் கிராஸுக்கும் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. துணி அதேதான், ஒரு நூல் குறையவில்லை. ஆனால் முன்னால் அடங்கியது இப்போது அடங்க மாட்டேன் என்கிறது.

உள்பாவாடையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மேலே 6 இஞ்ச், கீழே 12 இஞ்ச் என்று விரிகிற துண்டுகள். எல்லாவற்றையும் தலை மேலே வைத்து அடுக்கினால் இரண்டு துண்டுக்கு 24 இஞ்ச் போகும். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் 6-ம் 12-ம் சேர்ந்து 18-ல் முடிந்துவிடும். 36 இஞ்ச் பன்னாவில் நாலு துண்டு உட்கார்ந்துகொள்ளும். இரண்டு ஓரத்திலும் சாய்வாக மிஞ்சுவதைப் பாதித் துண்டாக வெட்டி ஒட்டுப் போடுவார்கள். மேல் கீழ் பார்த்து அச்சடித்த பூத்துணி என்றால் இந்த வித்தை செல்லாது. பாதிப் பூ தலைகீழாகத் தொங்கும்.

ரெடிமேடில் சங்கதி பெரிதாகிவிடுகிறது. இங்கிருந்து ராஜபாளையம் போகிற பக்கம் தளவாய்புரத்தில் நைட்டி தைக்காத வீடு தேட வேண்டும். அந்த மாதிரி வேலை கொஞ்சம் எங்கள் கடைக்கும் வரும். துணியை அடுக்கடுக்காக லே போட்டு, மேலடுக்கில் அட்டையை வைத்து வரைந்து, மெஷினால் ஒரே வெட்டு. 60 அடுக்கு என்றால், வரைகிறபோது ஓர் இஞ்ச் மிச்சப்படுத்தினால் மொத்தத்தில் 60 இஞ்ச், ஒன்றரை மீட்டருக்கு மேல். அதனால் அண்ணாச்சி லே போட்டுவிட்டு உடனே வரைய மாட்டார். அட்டைகளை அப்படியும் இப்படியும் நகர்த்தி, டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை நகர்த்துவார். பெரிய துண்டை முதலில் வை, வளைவைப் பார்த்து வளைவைச் சேர், சந்தில் சின்னதைப் போடு. அவர் சொல்லிக்கொடுத்த விதி இந்த மூன்றுதான். மீதியெல்லாம் கண்ணால் பழக வேண்டியது.

இவ்வளவும் செய்து வெட்டிக் கொடுத்த பிறகு வருகிற கேள்வி தையல் கடைக்காரர்கள் எல்லாரும் அறிந்தது. “மிச்சத் துணி எங்க?” அடுத்தது, “ரெண்டு மீட்டர் குடுத்தேனே, எப்படிப் பத்தாமப் போகும்?” நம் தொழிலுக்கு இந்தக் கெட்ட பேர் பரம்பரையாக உண்டு. துணி கொடுத்தவர் மீட்டரில் கணக்குப் போடுகிறார், வெட்டுகிறவர் வடிவத்தில் போடுகிறார். மொத்த அளவு சரியாக இருப்பதும், வடிவம் உள்ளே அடங்குவதும் ஒன்றில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? அண்ணாச்சி வாக்குவாதம் செய்ய மாட்டார். துணியை டேபிளில் விரித்து, அட்டையைக் கையில் கொடுத்து, “நீங்களே வச்சுப் பாருங்கம்மா” என்பார். முக்கால்வாசிப் பேர் ஐந்து நிமிஷத்தில் ஓய்ந்துவிடுவார்கள். ஆனால் ஓய்ந்ததற்குக் காரணம் அலுப்புதான். ‘நமக்கு வைக்கத் தெரியவில்லை, தெரிந்தவன் வைத்தால் வரும்’ என்ற சந்தேகத்தோடுதான் படியிறங்குவார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது என்பேன். பத்து விதமாக வைத்துப் பார்த்து வரவில்லை என்றால், பதினொன்றாவது விதம் இல்லை என்று ஆகிவிடாது.

இனி அந்தக் கணக்கு. ஓவர்லாக் அடிக்கிற அக்காவின் மகன் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்துவிடுவான். ஏழாம் வகுப்பு. 2019-ல் மாற்றி எழுதிய ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘தகவல் செயலாக்கம்’ என்று ஒரு பாடம். நாங்கள் படித்த காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. அதில் டெட்ரோமினோ என்று சில வடிவங்கள் வருகின்றன. நாலு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் எத்தனை வடிவம் கிடைக்கும்? ஐந்துதான். திருப்பியோ புரட்டியோ வைத்தால் மற்றதெல்லாம் இந்த ஐந்தில் ஒன்றாகிவிடும்.

கடையில் அந்த இங்கிலீஷ் பேர் யார் வாயிலும் நிற்கவில்லை. நாலும் ஒரே வரிசையில் இருப்பதற்குப் பட்டி என்று பேர் வைத்தோம். இரண்டுக்கு இரண்டு சதுரம் பாக்கெட். மூன்று நிமிர்ந்து நின்று, அடியில் ஒன்று பக்கவாட்டில் நீட்டினால் அச்சு அசல் ‘ட’. இரண்டிரண்டாக ஒரு கட்டம் தள்ளி ஏறினால் படி. மூன்று வரிசையாக இருந்து நடுவில் ஒன்று துருத்திக்கொண்டால் மூக்கு. பையன் நோட்டில் இருந்த கணக்கு இதுதான்: ஐந்து வடிவத்தையும் இரண்டிரண்டு தடவை வைத்து, 4-க்கு 10 கட்டம் உள்ள செவ்வகத்தை நிரப்ப வேண்டும். பத்துத் துண்டு, நாற்பது கட்டம்.

அண்ணாச்சி நோட்டை வாங்கிப் பார்த்தார். துணி மிச்சம் பிடிக்கிற புத்தி எங்கே போகும்? “ரெண்டு செட்டுக்கு நாப்பது கட்டம்னா ஒரு செட்டுக்கு இருவது. நாலுக்கு அஞ்சு போட்டா முடிஞ்சுபோச்சு. அதை அப்படியே ரெண்டு தடவ வச்சா நாலுக்குப் பத்து. இதுக்கு எதுக்குல பத்துத் துண்டு? அஞ்ச வச்சு முடிப்போம்.”

கேட்டவர்கள் எல்லாருக்கும் அது சரியென்றுதான் பட்டது. காலருக்கு வைக்கிற கேன்வாஸில் இஞ்ச்சுக்கு இஞ்ச் கட்டம் போட்டு ஐந்து துண்டையும் நானே வெட்டினேன். டேபிளில் கிடந்த கட்டம் போட்ட துணியில், கட்டமும் இஞ்ச்தான், 4-க்கு 5 என்று சாக்கால் கோடு போட்டார் அண்ணாச்சி. பெரிய துண்டை முதலில் வைக்கிற விதிப்படி பட்டியை ஓரமாகப் படுக்கப் போட்டார். பக்கத்தில் பாக்கெட். ட-வை மூலையில் சொருகினார். படியும் உட்கார்ந்தது. மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், மிச்சம் நாலு கட்டம் இருக்கத்தான் செய்கிறது, மூன்று இங்கே, ஒன்று அங்கே. கலைத்து, மூக்கை முதலில் வைத்தார். இப்போது படிக்கு இடமில்லை. பட்டன் வைக்கிற பிள்ளை ஒரு கை பார்த்தாள். ஜாக்கெட் வாங்க வந்த ஒரு டீச்சர் வாங்கிய ஜாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே முயற்சி பண்ணினார். 2-க்கு 10 என்று நீட்டிப் போட்டும் பார்த்தாயிற்று. அந்த வாரம் ஆடித்தபசுக்கு முந்தின வாரம் என்பதையும் சொல்ல வேண்டும். கோமதி அம்மன் தவசு பார்க்க ஊரே திரளுகிற நேரம். பாவாடை, சட்டை, ஜாக்கெட் என்று துணி மலையாகக் குவிந்து கிடந்தது. பெரியவர்கள் இத்தனை பேர், ஒரு சின்னப் பையன் கணக்கைச் சுற்றி நின்றோம்.

“வரும்மா. வராமப் போகாது. இருவது கட்டம் இருக்குல்லா” என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் டேபிளில் வந்து சண்டை போடுகிறவர்கள் சொல்கிற அதே வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை. குருவிடம் சொல்கிற பேச்சா அது?

முடிச்சை அவிழ்த்தது செக்கிங் பார்க்கிற பெரியக்கா. முடிந்த துணியில் நூல் வெட்டி, பிசிறு பார்த்து, மடித்து வைப்பது அவருடைய வேலை. பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தோடு சரி. ஆனால் வாழ்க்கைப்பட்டது தறிக்காரர் வீட்டில். சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெருவில் குடியிருந்தவர்களைத்தான் எண்ண வேண்டும். பாவு ஓட்டவும் ஊடை நூல் சுற்றவும் பழகிய கை அவருடையது. அவர் துண்டுகளைப் பார்க்கவே இல்லை, கீழே கிடந்த துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் துணியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையும். பாவில் ஓர் இஞ்ச் நீலம், ஓர் இஞ்ச் வெள்ளை என்று மாறி மாறி ஓடும். ஊடையிலும் அப்படியே. நீலப் பாவில் நீல ஊடை விழுந்த இடம் அடர்நீலக் கட்டம். வெள்ளையில் வெள்ளை விழுந்த இடம் சுத்த வெள்ளை. நீலத்தில் வெள்ளையோ, வெள்ளையில் நீலமோ விழுந்த இடம் மங்கல். எட்ட நின்று பார்த்தால் மூன்று நிறம் கலந்து கிடக்கிற மாதிரி இருக்கும். ஒரு வரிசையில் அடர்த்தி, மங்கல், அடர்த்தி, மங்கல். அடுத்த வரிசையில் மங்கல், வெள்ளை, மங்கல், வெள்ளை. மங்கலை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டால், எந்த வரிசையிலும் ஒன்று விட்டு ஒன்று மங்கல்தான். ஒரு மங்கலும் இன்னொரு மங்கலும் பக்கத்தோடு பக்கம் ஒட்டவே ஒட்டாது.

“அண்ணாச்சி, அந்த மங்கக் கட்டத்த மட்டும் எண்ணுங்க” என்றார் பெரியக்கா. “நீங்க கோடு போட்டதுக்குள்ள எத்தன?”

பையன் எண்ணினான். பத்து. இருபதில் பாதி. கோட்டை ஒரு கட்டம் தள்ளிப் போட்டாலும் பத்துதான்.

“இப்பம் பட்டிய வையுங்க. அதுக்கு அடியில எத்தன மங்கல் மறையுது?”

இரண்டு. படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் இரண்டுதான். பாக்கெட்டுக்கு இரண்டு. படிக்கு இரண்டு. ட-வை எப்படிப் புரட்டினாலும் இரண்டு. மூக்கை வைத்தான். மூன்று. ஒரு கட்டம் நகர்த்தினான். ஒன்று. திருப்பினான், கவிழ்த்தான். மூன்று, இல்லையென்றால் ஒன்று. இரண்டு மட்டும் வரமாட்டேன் என்கிறது. வராது. நடுக்கட்டம் மங்கல் என்றால் அதைச் சுற்றி ஒட்டியிருக்கிற மூன்றும் மங்கலில்லை. நடுக்கட்டம் மங்கலில்லை என்றால் சுற்றியுள்ள மூன்றும் மங்கல்.

“நாலு துண்டுக்கு எட்டு. மூக்குக்கு ஒண்ணு இல்லேன்னா மூணு. ஒம்பது வரும், பதினொண்ணு வரும். பத்து எங்குட்டு வரும்?” என்று சொல்லிவிட்டு அவர் பிசிறு வெட்டப் போய்விட்டார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்கால் போட்ட கோட்டைத் தட்டி அழித்தார். நான் கட்டிங்கில் இறங்கிய பிறகு, ஒரு ‘வராது’-வை இவ்வளவு சுத்தமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வைத்துப் பார்த்து ஓய்ந்த வராது வேறு, எண்ணிக் காட்டிய வராது வேறு. இரண்டாவதற்குப் பிறகு பதினொன்றாவது விதம் என்ற பேச்சே கிடையாது. ஆயிரம் மாஸ்டர்கள் வரிசையில் வந்து வைத்தாலும் ஒன்பதோ பதினொன்றோதான்.

இந்த எண்ணிக்கை முறை ஏற்கெனவே புத்தகம் ஏறியது என்று பையனின் டீச்சர் சொல்லித் தேடிப் படித்தேன். ஹார்வர்டில் மாணவராக இருந்த சாலமன் கோலம்ப், அங்கிருந்த கணக்குச் சங்கத்தில் 1953-ல் இந்த மாதிரிக் கட்ட வடிவங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். பாலியோமினோ என்ற பொதுப்பேர் அவர் வைத்தது. அடுத்த வருடம் கட்டுரையாகவும் எழுதினார். சதுரங்கப் பலகையின் இரண்டு நிறத்தையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பதுதான் அவர் கையாண்ட வழி. அவருக்குப் பலகை, பெரியக்காவுக்குக் கட்டம் போட்ட துணி. நெய்கிறவர்களுக்கு இரட்டைப்படை ஒற்றைப்படை விரலிலேயே இருக்கிறது. பாவில் ஓர் இழை தப்பினால் கட்டம் முழுக்கக் குளறும் என்று தெரிந்தவருக்கு, வடிவத்தைவிட எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் படும். எங்களுக்கு வடிவம் பழகிய கண், அதனால் எண்ணிக்கை மறைந்துவிட்டது. சந்தில் எதைச் சொருகலாம் என்றே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பையனுக்கு நிம்மதியில்லை. அவனுடைய கணக்கு 4-க்கு 10 அல்லவா, அது பாக்கி கிடக்கிறதே. இரண்டாவது செட்டை வெட்டினேன். இரண்டு மூக்கு வந்ததும் முடிச்சு இளகுகிறது. ஒரு மூக்கு மூன்று மங்கலை மூடினால் இன்னொன்று ஒன்றை மூட வேண்டும், கூட்டினால் நாலு. மற்ற எட்டுத் துண்டுக்கும் பதினாறு, ஆக இருபது. நாற்பதில் பாதி. கணக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் கணக்கு ஒத்துக்கொண்டதாலேயே துண்டு உட்கார்ந்துவிடுமா? அதுதான் இல்லை. ‘வராது’ என்று காட்ட ஓர் எண்ணிக்கை போதும், ‘வரும்’ என்று காட்ட வைத்தே காட்ட வேண்டும்.

அண்ணாச்சிக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. ஜோடி ஜோடியாகச் சேர்த்தார். பட்டி இரண்டு சேர்ந்தால் 4-க்கு 2. பாக்கெட் இரண்டும் அப்படியே. ட இரண்டை எதிரெதிராகக் கோத்தால் அதுவும் 4-க்கு 2. மூன்று ஜோடி, பிசிறில்லாமல் 4-க்கு 6. மிச்சம் 4-க்கு 4 சதுரம். கையில் மூக்கு இரண்டு, படி இரண்டு. இவை அந்தச் சதுரத்தில் உட்காரவே இல்லை. ஒரு மூக்கை மேல் ஓரத்தில் படுக்கப் போட்டால், அதன் ஓரத்துக்கு அடியில் இரண்டாவது மூக்கு நின்றுதான் ஆக வேண்டும். படி ஒன்று எதிர்ப்பக்கம் இறங்குகிறது. கடைசியில் மிஞ்சுகிற பள்ளம் ட-வாக இருக்கிறது. நம் கையில் இருப்பதோ படி. சரியென்று ஜோடியைப் பிரித்து ஒரு ட-வை அந்தப் பள்ளத்தில் வைத்தார், சதுரம் கச்சிதம். எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மீதி ஆறு துண்டு 4-க்கு 6-ல் அடங்கவில்லை. அழகாகச் சேர்ந்த ஜோடியைப் பிரிக்க மனசு வரவில்லை என்றால் இந்தக் கணக்கு வராது. கட்டிங்கிலும் இதே குணம் உண்டு. முன்பாகம் பின்பாகம் இரண்டும் வளைவோடு வளைவு பொருந்திவிட்டது என்று அதை அசைக்காமல் வைத்துக்கொண்டால், கைக்குத் துணி இல்லாமல் போகும். கடைசியில் பையன்தான் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, சதுரம் ஜோடி என்ற பேச்சில்லாமல், ஒன்றுக்குள் ஒன்று பல்லைக் கோத்த மாதிரி நிரப்பிக் காட்டினான். சாயங்காலம் இரண்டு ஓடிவிட்டிருந்தது. சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் அம்மா இரண்டு நாளும் திட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். அண்ணாச்சி விடவில்லை. “ஏல, புரட்டிப் போட்டேல்லா? அது செல்லாது.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. துணிக்கு நல்ல பக்கம், உள்பக்கம் உண்டு. இடது கையும் வலது கையும் அட்டையில் ஒன்றுதான், ஆனால் வெட்டினால் இரண்டு வேறு துண்டு. முன்கை வளைவு அதிகம், பின்கை வளைவு குறைவு என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாகத் தானே வந்துவிடும். ஒற்றையாக விரித்து வெட்டும்போது மட்டும் ஒரு கைக்கு அட்டையைப் புரட்ட வேண்டும். இந்த ஊரில் வலம் வேறு இடம் வேறு என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோவிலில் இருக்கிற சங்கரநாராயணருக்கு வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். புரட்டிப் போட்டால் சாமியே மாறிவிடும்.

ஆக, புரட்டக் கூடாது, திருப்ப மட்டும்தான் செய்யலாம் என்று வைத்தால், ட-வில் இடது ட, வலது ட என்று இரண்டு. படியிலும் இடமேறு, வலமேறு என்று இரண்டு. பட்டி, பாக்கெட், மூக்கு மூன்றும் புரட்டினாலும் அதேதான். ஐந்து ஏழாகிவிடுகிறது. “மாமா, டெட்ரிஸ்ல ஏழுதான் வரும்” என்றான் பையன். உண்மைதான். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய விளையாட்டில் மேலிருந்து விழுகிறவை இந்த ஏழுதான். விழுகிற துண்டைத் திருப்பலாம், புரட்ட முடியாது. வீடியோ கேம் செய்தவரும் துணி வெட்டுகிறவரும் ஒரே சட்டத்துக்கு வந்து நிற்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கு மட்டும் புரட்ட அனுமதி. புத்தகத்துக்கு ஏது உள்பக்கம்?

இப்போது அண்ணாச்சி எனக்குத் தனியாக லே தருகிறார். துணி கொடுத்தவர் “ஏன் பத்தாது?” என்று கேட்டால், முன்னைப்போல அட்டையைக் கொடுத்து வைக்கச் சொல்வதில்லை. எந்த இரண்டு துண்டு ஒரே கரைக்குப் போட்டி போடுகிறது என்று டேப்பை வைத்து எண்ணிக் காட்டுகிறேன். கரை 31½, கைக்கு 32. அரை இஞ்ச்சைக் கண்ணால் பார்த்தவர்கள் அதற்கு மேல் பேசுவதில்லை. பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தக் கணக்கும் உதவாது. எல்லா ஜாக்கெட்டுக்கும் இப்படி ஒரு சுருக்கமான எண்ணிக்கை கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். வளைவு வந்துவிட்டால் கண்ணும் கையும்தான்.

போன வாரம் ஏழு துண்டையும் கேன்வாஸில் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான் பையன். ஏழு நாலு இருபத்தெட்டு, 4-க்கு 7 செவ்வகம் வருமா என்று பார்க்க வேண்டுமாம். புரட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லே போட்ட துணியை ஓரமாகத் தள்ளினார். நானும் சாக்கை எடுத்தேன். மடிப்பு வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே பெரியக்கா கேட்டார்:

“மூக்கு எத்தன இருக்கு?”

“ஒண்ணுதான் பெரியம்மா.”

“அப்பம் வராது. நைட்டிக்காரரு சாயங்காலம் வந்து நிப்பாரு, வேலயப் பாருங்க.”